இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு காதல் நாவல் எழுதிப் பிழைக்க முடியுமா?

மார்ச் 2 – கேள்வி

நான் தலவாக்கலப் பக்கம். பேஸ்புக்கில தொடர்கதை எழுதுறேன், காதல் கதைதான். வாசிக்கிறவங்க நெறைய இருக்காங்க, காசுதான் இல்ல. “தேயிலத் தோட்டத்தப் பத்தி எழுதினா யாரும் வாங்க மாட்டாங்க, கதைய சென்னைக்கு மாத்து, அப்பத்தான் புத்தகமாகும்”னு சொல்றாங்க. இதையே தொழிலா வச்சுப் பிழைக்க முடியுமா, முடியாதா? தெரிஞ்சவங்க வெளிப்படையாச் சொல்லுங்க.

மார்ச் 2, இரவு – பதில்

ஒரு நாவலை வைத்துப் பிழைக்க முடியாது, தங்கச்சி. பத்துப் பன்னிரண்டு நாவல்கள் உங்கள் பெயரிலும் உங்கள் உரிமையிலும் இருந்தால் கதை வேறு. காதல் நாவல் வாசிப்பவர்கள் ஒருவரைப் பிடித்துப்போனால் அவருடைய பழைய கதைகளைத் தேடிப் போய் வாசிப்பார்கள். அந்தப் பழைய கதைகள்தான் மாதாமாதம் காசு கொண்டுவரும். புதுக் கதையின் வேலை புது ஆட்களை உள்ளே அழைத்து வருவது. ஆகவே முதல் நாவலை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்பதைவிட, அது ஐந்து வருடம் கழித்தும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

இங்கே பழக்கத்தில் இருக்கும் வழி வேறு. சொந்தக் காசில் 300 அல்லது 500 பிரதி அச்சடிப்பது, ஹட்டனிலோ கண்டியிலோ கொழும்பிலோ வெளியீட்டு விழா வைப்பது, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் வரும் காசுக் கவர்களில் அச்சகக் கடனை அடைப்பது. கவிதைத் தொகுப்புக்கு அது சரிவரும். வருடத்துக்கு மூன்று கதை எழுத வேண்டிய ஆளுக்குச் சரிவராது. அதே சொந்தக்காரர்களையும் அதே ஆசிரியர்களையும் வருடத்தில் மூன்று தடவை மண்டபத்துக்குக் கூப்பிட முடியாது.

சென்னைக்கு மாற்றச் சொன்னது பற்றித் தனியாக எழுதுகிறேன். அது முழுப் பிழை.

மார்ச் 3

முதலில் ஒப்பந்தம். ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. எங்கேயும் பதியத் தேவையில்லை. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். அதை ஒருவருக்குக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைத்தான் கவனமாகப் போட வேண்டும்.

பதிப்பாளர் தரும் தாளில் “முழு உரிமையும்” என்று இருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் என்ன எழுதுவது? எந்த வடிவம் (அச்சுப் புத்தகம் மட்டும்), எந்த மொழி (தமிழ்), எந்த நாடு, எத்தனை வருடம் (மூன்று போதும்), எத்தனை பிரதி, உரிமைத்தொகை எத்தனை வீதம், அது அட்டை விலையிலா கழிவு போன விலையிலா, கணக்கு எந்த மாதம் வரும். 10 வீதம் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். கடைக்கழிவு போன பிறகு 10 என்றால் அது அட்டை விலையில் ஆறோ ஏழோதான். மின்நூல், ஒலிநூல், நாடகம், சினிமா நான்கையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தாளில் பெயர் சொல்லாத உரிமை எழுத்தாளரிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

தமிழ்நாட்டுப் பதிப்பாளர் என்றால் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். அங்கே எழுத்தாளர் பக்கம் நல்ல பாதுகாப்பு உண்டு. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 வருடம் என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வருடத்துக்குள் அவர்கள் பயன்படுத்தாத உரிமை, தாளில் வேறு மாதிரிச் சொல்லியிராவிட்டால், உங்களிடமே திரும்பும். பழைய ஒற்றைப் பக்கக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு “எல்லாம் போச்சு” என்று இருப்பவர்கள் அந்தக் கடிதத்தை எடுத்து, காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மார்ச் 3, மாலை

புனைபெயர் பற்றிக் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், வீட்டுக்குத் தெரியாமல் எழுதும் பெண்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வரிப் படிவம் மூன்றும் அடையாள அட்டையில் உள்ள பெயரில் இருக்க வேண்டும். காசோலை புனைபெயருக்கு எழுதப்பட்டால் வங்கி திருப்பிவிடும். இன்னொன்று: எழுதியவர் யார் என்று வெளியே தெரியாத புனைபெயர் நூலுக்கு 70 வருடம் முதல் வெளியீட்டிலிருந்தே எண்ணப்படும். ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது.

மார்ச் 5

இப்போது சென்னைக் கதை.

காதல் நாவலைத் தாங்குவது தடை. ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடுகிற தடை நாற்பதாயிரம் சொல்லைத் தாங்காது. சென்னைப் பணக்கார வீட்டுக் கதைகளில் தடைக்குப் பஞ்சம், அதனால்தான் ஒட்டுக்கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொள்வது, ஒப்பந்தக் கல்யாணம், இரட்டைப் பிறவி என்று இழுக்கிறார்கள். தோட்டத்தில் தடையைத் தேடிப்போக வேண்டியதில்லை.

லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இரண்டு காம்பராவுக்கு (அறைக்கு) நடுவே ஒரு சுவர்தான், பல இடங்களில் அந்தச் சுவரும் கூரை வரை போகாது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று பேசினால் கடைக்கோடி வீடு வரைக்கும் கேட்கும். இரண்டு பேர் தனியாகப் பேச எங்கே போவார்கள் என்பதே ஒரு அத்தியாயத்துக்கு வேலை கொடுக்கும். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை, டவுனில் டியூஷன், தேர்த் திருவிழா, பிள்ளைமடுவத்து (குழந்தைகள் காப்பகத்து) வாசல், கடைசி பஸ். சந்திப்பு நடக்கக்கூடிய இடங்கள் இவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பார்வையே காட்சிக்கு இறுக்கம் தரும்.

அடுத்தது லயத்துக்கும் தோட்ட உத்தியோகத்தர்களின் குவாட்டர்ஸுக்கும் இடையே உள்ள தூரம். கணக்கப்பிள்ளையின் மகனும் கொழுந்து எடுப்பவரின் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், ஒரே கோயிலில் கும்பிடலாம். கல்யாணம் என்று வரும்போதுதான் அந்த ஐம்பது கஜத் தூரத்தின் அளவு தெரியும். அதற்கும் கீழே சாதி. பேச்சில் வராது, பெண் பார்க்கப் போகும்போது வரும். பிறகு மூத்த மகளின் சம்பளத்தில் நிற்கும் வீடு. கொழும்பில் கடை வேலை, கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ், வெளிநாட்டில் வீட்டு வேலை. அவள் கல்யாணம் முடித்துப் போனால் தம்பியின் படிப்பு நிற்கும். இதில் வில்லன் யாரும் வேண்டாம். அம்மாவும் நல்லவள், தம்பியும் நல்லவன், ஆனாலும் அவளால் போக முடியாது. வாசிப்பவர் விடிய விடியப் பக்கம் புரட்டுவது இந்த மாதிரித் தடைக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. வறுமையைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நடுவில் காதலைச் செருகினால் அது காதல் நாவல் ஆகாது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த இருவருக்கும் இடையே ஏதாவது ஒன்று நகர வேண்டும். முடிவில் அவர்கள் சேர வேண்டும். இந்த வகை வாசகருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. கடைசிப் பக்கத்தில் லாரியை விட்டு ஏற்றிக் கொன்றால் அடுத்த புத்தகத்தைத் தொட மாட்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது.

மார்ச் 6

பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஓகஸ்ட் மாத மழையில் பண்டாரவளை ஸ்டேஷனில் காதலைச் சொல்கிற மாதிரி ஒரு தொடர் வருது, எரிச்சலா இருக்கு.”

எரிச்சல் சரியானது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தை நனைக்கும். அதே நேரத்தில் ஊவாப் பக்கம், அதாவது பதுளை, பண்டாரவளையில், காய்ந்த காற்று அடிக்கும், ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம் அதுதான். பதுளை, பண்டாரவளைக்கு நல்ல மழை வேண்டுமென்றால் டிசம்பரை ஒட்டி வையுங்கள். ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில், விடியலில் குளிர். நுவரெலியாவில் அந்த மாதங்களில் புல்லில் உறைபனி விழும் காலையும் உண்டு. சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே வெசாக் போயாவில் முடியும். மலையடிவாரத்து நல்லதண்ணியில் கூட்டத்துக்குள் இருவரும் தவறிப்போகும் காட்சி ஜூலையில் வரக் கூடாது.

கோச்சி (ரயில்) விஷயமும் இதே மாதிரித்தான். நுவரெலியா டவுனில் ரயில் நிலையம் இல்லை, நானுஓயாவில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை. இதுதான் வரிசை, இடையில் சின்ன நிலையங்களும் உண்டு. ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில். ஹட்டனில் ஏறிய பெண் தலவாக்கலைக்கு முன்னால் அந்தப் பாலத்தைப் பார்க்க முடியாது.

மார்ச் 9

அச்சுக் கணக்கு. ஏ5 அளவு, 11 புள்ளி எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 235 சொல். 40,000 சொல் நாவல் 170 பக்கம், முன்பக்கங்கள் 6, மொத்தம் 176. அதாவது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) சரியாக 11. 178 பக்கம் வந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டும், காசு போகும். வரி இடைவெளியைச் சற்றுக் குறைத்து உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். உள்தாளின் கனம் 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அட்டை 250க்குக் குறையக் கூடாது. மலையகத்து ஈரத்தில் மெல்லிய அட்டை ஒரு மாதத்தில் சுருண்டுவிடும். விலை கேட்கும்போது அச்சகத்தின் சொல் எத்தனை நாளைக்குச் செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள். 2022இல் தாள் தட்டுப்பாட்டில் சில பத்திரிகைகளே சனிக்கிழமை அச்சை நிறுத்தின. தாள் விலை எப்போது துள்ளும் என்று சொல்ல முடியாது.

எழுத்துரு. யூனிகோடில் எழுதுங்கள். இன்னும் பல அச்சகங்கள் யூனிகோடில் இல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கின்றன. மாற்றும்போது எங்கே கெடும் என்று தெரிந்தால் மெய்ப்புப் பார்ப்பது சுலபம். பாமினியில் காற்புள்ளி விசை ‘இ’ எழுத்துக்குப் போயிருக்கிறது. அதனால் சரியாக மாற்றாத பக்கத்தில் காற்புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘இ’ நிற்கும். “அவன் வந்தான்இ சிரித்தான்” என்று அச்சான புத்தகங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேற்கோள் குறி, ‘ஸ்ரீ’, ஆங்கில எழுத்தில் இருக்கும் வட்ஸ்அப் முகவரி எல்லாம் அதே ஆபத்தில். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடாகவே போடும் அச்சகம் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் தெரிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும்.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. இலங்கை நூல் என்றால் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அச்சானதும் சட்டப்படி வைப்புப் பிரதிகள் போக வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் அந்த வைப்பு நூலகங்களில் ஒன்று.

மார்ச் 10

விலை. 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபா. அந்தக் கூலிக் காலத்தில் 900 ரூபா அட்டை விலை போட்டிருந்தால், கொழுந்து எடுக்கும் வாசகியிடம் ஒரு நாள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டிருப்பீர்கள். அவருக்காக எழுதிவிட்டு அவர் வாங்க முடியாத விலையில் போடுவது மனதுக்கு ஒவ்வாத காரியம். அதனால் 40,000 சொல் நாவலோடு, 20,000 சொல்லில் சின்ன அளவுக் கதைகளும் எழுதுங்கள். பாதிப் பாரம், பாதி விலை. கடைக்குக் கொடுக்கும்போது கழிவு பொதுவாக 30 முதல் 40 வீதம், காசும் விற்ற பிறகுதான். கொடுத்த பிரதிக்குத் திகதியோடு துண்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

மார்ச் 14

இணையம். இன்றைய மலையக வாசகர் போனில்தான் இருக்கிறார், கொழும்புக் கடையிலும் கார்மென்ட்ஸ் போர்டிங்கிலும் இரவு பத்து மணிக்கு வாசிக்கிறார்.

பிரதிலிபி மாதிரித் தளத்தில் அத்தியாயம் 900 முதல் 1,200 சொல். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று, ஒரே நாள், ஒரே நேரம். நாள் தவறினால் வாசகர் எண்ணிக்கை இறங்கும், ஏற்ற மாதக்கணக்காகும். அதனால் முதல் அத்தியாயம் போடும்போதே பாதிக் கதையாவது கையில் இருக்கட்டும். அத்தியாய முடிவில் விபத்தும் மயக்கமும் வேண்டாம். பாத்திரம் ஒன்று எடுக்கும் முடிவில் நிறுத்துங்கள். ‘நாளைக்குப் பிரட்டுக்கு நான் போகல’ என்று, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போக மாட்டேன் என்று, அவள் சொல்லும் இடத்தில் நிறுத்தினால் அடுத்ததைத் திறப்பார்கள்.

அமேசான் கிண்டிலில் தமிழ் மின்நூல் போடலாம். உரிமைத்தொகை 35 வீதம் அல்லது 70 வீதம். டொலர் விலை 2.99க்கும் 9.99க்கும் இடையில் இருந்தால்தான் 70. இந்தியக் கடை விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. பேஸ்புக்கில் கிடக்கும் உங்கள் தொடரும் அதற்குள் அடங்கும், முதலில் அதை இறக்க வேண்டும். வரிப் படிவத்தை ஒழுங்காக நிரப்பாவிட்டால் அமெரிக்க விற்பனை வருமானத்தில் 30 வீதம் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருக்கிறது, படிவத்தில் அதைக் கோருங்கள்.

மார்ச் 15

பிடிஎப் திருட்டு பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். முழுக்கத் தடுக்க முடியாது. வட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு விழுந்தால் விழுந்ததுதான். செய்யக்கூடியது: மதிப்புரைக்கோ மெய்ப்புக்கோ கொடுக்கும் கோப்பில் வாங்குபவரின் பெயரை ஒவ்வொரு பக்க அடியிலும் போடுங்கள், முழுக் கதையையும் ஒரே கோப்பாக யாருக்கும் அனுப்பாதீர்கள், அச்சகத்துக்குக் கொடுத்ததைத் திருப்பி அழிக்கச் சொல்லுங்கள். திருட்டுப் பிரதியின் கடைசிப் பக்கத்திலும் உங்கள் அடுத்த கதையின் பெயர் இருக்கட்டும்.

மார்ச் 20

“கப்பல் காலத்துக் காதல் எழுதலாமா?” என்று ஒரு கேள்வி, மலையகத்து ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் பற்றி. எழுதுங்கள், ஆனால் திகதிகளைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே உரிமை, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று வந்தது. பயணம் ஹட்டன் பக்கத்திலிருந்து கோச்சியில், தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். தனுஷ்கோடியில் இறக்காதீர்கள். 1964 டிசம்பர் புயல் அதை அழித்துவிட்டது, பெரும்பகுதி ஆட்கள் போனது அதற்குப் பிறகு. இறங்கியவர்களை மண்டபம் முகாமில் வைத்தார்கள். 1980இல் வெள்ளைக்காரத் துரையையும் வைக்காதீர்கள், 1975இலேயே கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துவிட்டது.

இந்தக் கதையில் இருவரும் சேர வேண்டும் என்பதுதான் கஷ்டம். கடைசி நிமிடத்தில் கோச்சியை விட்டுக் குதிப்பது நம்பும்படி இல்லை, தாளில் உள்ள நாடு அதனால் மாறாது. கடிதம் வழியாக நீளும் வருடங்களையும், நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையிலான காத்திருப்பையும் யோசித்துப் பாருங்கள். முப்பது வயதில் பிரிந்தவர்கள் அறுபதில் சேரும் காதலை நம் ஆட்கள் வாசிப்பார்கள்.

மார்ச் 22

கதாநாயகன் கையைப் பிடித்து இழுத்துத் தாலி கட்டுவது, பிறகு அவள் மனம் மாறுவது. இந்த அச்சு இன்னும் ஓடுகிறது. விற்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயதில் இதை வாசிக்கிறார்கள், அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பொதுத் திருமணச் சட்டத்தில் குறைந்த வயது 18. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பள்ளிப் பிள்ளையைக் கதாநாயகியாக வைத்துக் கல்யாணத்தில் முடிக்கவே கூடாது.

பதிவுத் திருமணக் காட்சிக்கு: “30 நாள் அறிவித்தல்” இந்தியச் சிறப்புத் திருமணச் சட்டத்தது. இங்கே பதிவாளர் அறிவித்தலைப் பதிந்து 12 நாள் கழிய வேண்டும், அவசரமென்றால் விசேட அனுமதி. கதைக்கு அந்த 12 நாள் போதும். தகவல் வெளியே போக, மாமா கொழும்பிலிருந்து வந்து இறங்க, அவள் முடிவை மறுபடி யோசிக்க.

ஏப்ரல் 2

பேச்சுமொழி பற்றி, மாத்தளையிலிருந்து வந்த கேள்விக்கு. உரையாடலில் தோட்டத்துப் பேச்சு, விவரிப்பில் எளிய எழுத்துத் தமிழ். அரைப்பேர், படங்கு, கவ்வாத்து போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். ‘பதினெட்டுக் கிலோ சேரல, இன்னிக்கும் அரைப்பேர்தான்’ என்று அவள் சொல்லிவிட்டுக் கூடையை வைத்தால் சென்னை வாசகருக்கும் யாழ்ப்பாண வாசகருக்கும் விளங்கும். பதிப்பாசிரியர் அதைப் ‘பாதி நாள் சம்பளம்’ என்று மாற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திருத்தத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்ற வரியையும் மார்ச் 3இல் சொன்ன ஒப்பந்தத்தில் சேருங்கள்.

காமன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்துக் காட்சி வைக்கிறவர்களுக்கு ஒன்று: அது மாசியில். ரதி வேடம் கட்டுபவர் ஆண். ஆகவே கதாநாயகியை ரதியாக ஆட வைப்பதென்றால், அந்த வழக்கத்தை உடைக்கத் தோட்டத்தில் யார் யார் சம்மதிக்க வேண்டியிருந்தது என்பதற்கு இரண்டு அத்தியாயமாவது ஒதுக்குங்கள்.